விதியும் ஆக்கியோனும்: ஒளிச்சிற்பங்களை முன்வைத்து ஒரு சிந்தனை

ஒருவர் விதியை மட்டும் வகுக்கிறார். அவ்விதி ஈனும் உருவங்களை அவர் முன்னரே கண்டதில்லை. அவரை அவ்வுருவங்களின் ஆக்கியோன் எனல் தகுமா? அவற்றால் விளையும் நன்மை தீமைகளுக்கு அவர் பொறுப்பாவாரா? இவ்விரு வினாக்களும் ஒன்றே போலத் தோன்றினும் வேறானவை. அமெரிக்கக் கலைஞர் லியோ வில்லரியலின் ஒளிச்சிற்பங்களைக் கொண்டு இவ்வேறுபாட்டை ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

வில்லரியலின் முறைக்கு ஊற்றாக அமைந்தவற்றுள் ஒன்று, கணிதவியலாளர் ஜான் கான்வே வகுத்த ‘உயிர் விளையாட்டு’. மார்ட்டின் கார்ட்னர் 1970 அக்டோபரில் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் இதனை அறிமுகப்படுத்தினார். கட்டங்களாலான பரப்பொன்றில் ஒவ்வொரு கட்டமும் உயிருள்ளதாகவோ உயிரற்றதாகவோ இருக்கும். உயிருள்ள கட்டத்தைச் சூழ்ந்த எட்டனுள் இரண்டோ மூன்றோ உயிருடன் இருப்பின் அது நிலைக்கும், இல்லையேல் மடியும். உயிரற்ற கட்டம், சூழ்ந்தவற்றுள் சரியாக மூன்று உயிருடன் இருப்பின் உயிர்பெறும். விதி இவ்வளவே. ஆயினும் ஐந்து கட்டங்களாலான சிற்றுரு ஒன்று, நான்கு தலைமுறைக்கு ஒருமுறை தன் வடிவை மீளப்பெற்று, மூலைவாட்டில் ஒரு கட்டம் நகர்ந்து செல்கிறது. இவ்வியக்கம் விதியில் எங்கும் எழுதப்படவில்லை. தொடக்க உரு ஒன்று என்றேனும் முற்றும் மடியுமா என்பதை எல்லா உருக்களுக்கும் பொருந்தத் தீர்மானிக்கும் பொதுமுறை இல்லை என்பதும் நிறுவப்பட்டுள்ளது. ஈண்டு விளைவு தெரியாமைக்குக் காரணம் வகுத்தவரின் அறியாமையன்று. விதியின் இயல்பே அத்தகையது.

வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தின் இரு கட்டடங்களை இணைக்கும் நிலத்தடி வழியில் 2008இல் அமைந்த ‘மல்டிவர்ஸ்’ ஏறத்தாழ 41,000 எல்.இ.டி. விளக்குகளால் ஆனது. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பாலத்தின் வடங்களில் 2013 மார்ச் 5 அன்று ஒளிர்ந்த ‘பே லைட்ஸ்’ 25,000 விளக்குகளுடன் 1.8 மைல் நீண்டது. இவற்றில் வில்லரியல் விதிகளை எழுதி இயக்கி, விளையும் அசைவுகளை நோக்கி, சிலவற்றைக் கொள்கிறார், பலவற்றைத் தள்ளுகிறார். கொண்டவை எவ்வரிசையில் வரும் என்பதைத் தற்செயலுக்கு விடுகிறார்.

வெண்பாவிற்கு இலக்கணம் வகுத்தவர் வெண்பாக்கள் அனைத்திற்கும் ஆசிரியர் ஆகார் என்று நம் மரபு கொண்டு இதனை எளிதில் தீர்த்துவிடலாம் எனத் தோன்றும். இவ்வொப்புமை முழுமையாகப் பொருந்தாது. யாப்பு, புலவன் நிரப்புதற்கு இடம் விட்டு நிற்பது. கான்வேயின் விதியோ தானே இயங்குவது. கோலமே இதற்கு நெருங்கிய ஒப்புமை எனலாம். சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி முதலியோர் 1970களில் கோலங்களைக் கணித இலக்கண விதிகளால் விளக்கினர். ஒரே விதி எண்ணிறந்த கோலங்களை ஈனும். அவற்றுள் எது இன்று இவ்வாசலுக்கு உரியது என்பதை விதி சொல்லாது. அதனைத் தேர்பவள் புள்ளியிடுபவளே. தேர்வே ஆக்கம் எனக் கொள்வோமாயின், தற்செயலின் கையில் வரிசையை விட்டபோதும் வில்லரியல் ஆக்கியோனே. தற்செயல் எடுப்பது அவர் தெரிந்து வைத்த தொகுதியிலிருந்துதான்.

பொறுப்பு பற்றிய வினா இதனினும் கடினமானது. அறியவியலாத விளைவிற்கு ஒருவரைப் பொறுப்பாக்குதல் அறமன்று என்பது வலுவான வாதம். ஆனால் அறியவியலாமை இரு நிலைகளை உடையது. இந்நொடியில் எவ்வுரு தோன்றும் என்பது அறியவியலாதது. எத்தகைய உருக்கள் தோன்றக்கூடும், எவ்வளவு ஒளி வீசும், எவர் கண்ணில் படும் என்பன அறியத்தக்கவை. பாலத்தில் வண்டி ஓட்டுவோர் கண்ணில் படாதவாறு ‘பே லைட்ஸ்’ அமைக்கப்பட்டமை இவ்விடத்து நோக்கத்தக்கது. அண்டைக் கட்டங்களை எண்ணும் எவ்விதியும் ஓட்டுநர் ஒருவரின் கண்ணைப் பற்றி எண்ணாது. அதனை எண்ணியோர் விதிக்கு வெளியே நின்ற மனிதர்.

எனவே ஓட்டுநர் கண் கூசியிருப்பின் கான்வேயைக் குறைகூற இயலாது. விதியை மக்கள் நடுவே கொண்டு நிறுவியவரையே கேட்கவேண்டும். படமும் உரையும் ஈனும் கணிப்பொறிகள் பெருகிய இந்நாளில், “யான் செய்யவில்லை, பொறி செய்தது” என்னும் மறுமொழி அடிக்கடி கேட்கிறது. அது உண்மையாகவும் இருக்கலாம். அப்பொறியை எங்கே, எவர்முன் நிறுத்துவது என முடிவு செய்தவர் யார் என்னும் வினாவிற்கு அது விடையாகாது.