கணக்கில் சேராத ஐந்தாவது குண்டு

“ஒரு அணிலச் சுட எதுக்குடா இவ்ளோ கணக்கு?” என்று நண்பன் கேட்டான். மாமாக் கடையில் உட்கார்ந்து என் கைப்பேசியில் ஒரு காணொளியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அமெரிக்கர் ஒருவர் வீட்டு மேசையில் தன் ரைஃபிளுக்கான தோட்டாக்களைத் தானே நிரப்பிக்கொண்டிருந்தார். நாங்கள் இருவருமே துப்பாக்கியைத் தொட்டதில்லை. ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

அணில் என்று அவன் சொன்னது தப்பில்லை. அமெரிக்க மேற்குச் சமவெளிகளில் வளை தோண்டி வாழும் பிரெய்ரி நாய், பெயரில்தான் நாய், இனத்தில் அணில். நிமிர்ந்து நின்றாலும் ஒரு முழம் வராது. மேய்ச்சல் புல்லைத் தின்கிறது, நிலத்தைக் குழியாக்குகிறது என்பது பண்ணைக்காரர்களின் புகார். இப்படிப்பட்ட பிராணிகளை அங்கே ‘வார்மின்ட்’ என்பார்கள். நம்முடைய ‘பீடை’ கிட்டத்தட்ட அந்தச் சொல்தான். பெரும்பாலும் இறைச்சிக்காக அல்ல, ஒழிப்பதற்காகச் சுடுகிறார்கள்.

பித்தளைக் கூடு, பிரைமர், வெடிமருந்து, குண்டு. தோட்டா என்பது இவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு குழலுக்கும் ஒரு ருசி உண்டு. ஒரே தொழிற்சாலையில் செய்த இரண்டு ரைஃபிள்கள்கூட ஒரே தோட்டாவை ஒரேமாதிரி ஏற்பதில்லை. அதனால் மருந்தின் அளவையும் குண்டு உட்காரும் ஆழத்தையும் கொஞ்சங்கொஞ்சமாக மாற்றி, தன் குழலுக்கு ஒத்துப்போவதைத் தேடுகிறார்கள். மருந்தை கிரெய்ன் கணக்கில் நிறுக்கிறார்கள். ஒரு கிராமுக்கு 15 கிரெய்னுக்கும் மேல். அதிலும் பத்தில் ஒரு பங்குவரை பார்க்கிறார்கள். பிறகு 100 கஜத்தில் ஒரு காகிதத்தை வைத்து ஐந்து முறை சுடுகிறார்கள். துளைகள் எவ்வளவு நெருக்கமோ, தோட்டா அவ்வளவு நல்லது.

இது வெறும் பைத்தியம் இல்லை. 100 கஜத்தில் ஓர் அங்குலம் சிதறும் தோட்டா 300 கஜத்தில் மூன்று அங்குலமாவது சிதறும். அந்தச் சின்ன உடலில், அந்த மூன்று அங்குலத்துக்குள்தான் உடனே சாவதும் இருக்கிறது, குடல் கிழிந்து வளைக்குள் ஊர்ந்துபோய் மெல்லச் சாவதும் இருக்கிறது. துல்லியமும் ஒருவகைக் கருணைதான் என்று ஒரு வேட்டைக்காரர் சொன்னால் நான் சிரிக்க மாட்டேன்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நான்கு குண்டுகள் ஒரே துளைபோல விழுகின்றன. ஐந்தாவது தள்ளிப் போகிறது. “அது ஃபிளையர், என் கை ஆடிவிட்டது” என்று அதைக் கணக்கில் சேர்க்காமல் விடுகிறார்கள். இல்லையென்றால் பத்து விதமாக நிரப்பி, ஒவ்வொன்றிலும் மூன்றே மூன்று சுட்டு, ஆகச் சிறிய கூட்டத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பத்தில் ஒன்று தற்செயலாகவே அழகாக விழும். மறுநாள் அதே தோட்டா விரிந்து போகும். காகிதத்தில் இந்தச் சுயஏமாற்றுக்கு விலை இல்லை. வயல்வெளியில் விலை உண்டு, அதைக் கொடுப்பது சுட்டவர் அல்ல. ஆகவே நல்ல தோட்டாவைத் தேர்வது என்பது முதலில் தன் தவறுகளையும் சேர்த்து எண்ணும் நேர்மை. எழுதுகிறவர்களுக்கும் இது தெரியும். நமக்குச் சாதகமான உதாரணங்களை மட்டும் வைத்துக் கட்டுரை எழுதுவது நாமும் செய்கிற வேலைதானே.

ஆனால் இந்த நேர்மையைக் கொஞ்சம் நீட்டிப் பார்க்கலாம். வார்மின்ட் குண்டு உடலுக்குள் நொறுங்கும்படி செய்யப்படுவது. சாவு விரைவாக வரும். ஆனால் ஈயத்துகள்கள் பிணத்தில் தங்கிவிடும். அதைத் தின்ன வரும் கழுகுக்குள் போகும். கருங்கால் ஃபெரெட் என்ற பிராணி ஏறக்குறைய பிரெய்ரி நாயை மட்டுமே தின்று வாழ்வது. விஷமும் நோயும் நில மாற்றமும் பிரெய்ரி நாயைக் குறைக்க, இதுவும் அழிந்துவிட்டதாகவே நினைத்தார்கள். 1981இல் வயோமிங் மாநிலத்தில், மீட்டீட்சி அருகே ஒரு பண்ணை நாய் கவ்விக்கொண்டு வந்த உடலால்தான் இன்னும் சில உயிரோடு இருப்பது தெரிந்தது.

‘பீடை’ என்று சொன்னதும் இவையெல்லாம் ஃபிளையர்களாகிவிடுகின்றன. மருந்தைப் பத்தில் ஒரு கிரெய்ன்வரை நிறுத்துப் பார்க்கிற கை, அந்தச் சொல்லை நிறுத்துப் பார்ப்பதில்லை. பண்ணைக்காரரின் நஷ்டம் பொய் என்று நான் சொல்லவில்லை. அதுவும் காகிதத்தில் விழுந்த ஒரு துளைதான். எல்லாத் துளைகளையும் எண்ணிய பிறகும் சுட வேண்டியிருக்கலாம். எண்ணாமல் சுடுவதுதான் உறுத்துகிறது.

நண்பனுக்கு அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. இப்போது கேட்டால் இப்படிச் சொல்வேன்: “கணக்கு ஜாஸ்தி இல்லடா, பத்தல.”