பதினேழாவது கிலோமீட்டர்



விடியற்காலை ஐந்து மணிக்கு நான் அரைக்கால் சட்டையோடு ஓடுவதை முதன்முதலில் பார்த்தவர் நம் தெருவுக்குப் பால் ஊற்றுகிறவர். வண்டியை நிறுத்தி, "ஃபாதர், யாராச்சும் துரத்துறாங்களா?" என்று கேட்டார். அன்று அவருக்குப் பதில் சொல்ல எனக்கு மூச்சு இல்லை. பொதுக்காலம் 30ஆம் ஞாயிறான இன்று இரண்டாம் வாசகம் ஓட்டத்தைப் பற்றி வந்திருப்பதால், அந்தச் சாக்கில் சொல்லிவிடுகிறேன்.

சாமியாருக்கு எதற்கு இந்த வேலை என்று உங்களில் சிலர் பேசிக்கொள்வது தெரியும். வத்திக்கானிலேயே ஓட்டக்காரர் அணி ஒன்று இருக்கிறது. 2019இல் முறையாகத் தொடங்கியது. சுவிஸ் காவலர், அருங்காட்சியக ஊழியர், குருக்கள், அருள்சகோதரிகள் எல்லாரும் அதில் ஓடுகிறார்கள். ஆகவே என் மீது ஆயருக்குப் புகார் எழுத வேண்டாம்.

அரை மாரத்தான் என்பது 21.0975 கிலோமீட்டர். தொடங்கியபோது எனக்கு ஒரு கிலோமீட்டரே மலையாக இருந்தது. ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. பத்து மாதம் அப்படித் தேற்றிக்கொண்டு, சென்னையில் ஒரு ஜனவரி ஞாயிறு முதல் அரை மாரத்தானில் நின்றேன். காலை ஆறரைத் திருப்பலியைப் பக்கத்துப் பங்குத்தந்தை ஏற்றுக்கொண்டார்.

இருட்டில் கூட்டத்தோடு கிளம்பியதும் கால்கள் தாமாகவே பறந்தன. முதல் ஐந்து கிலோமீட்டர் 32 நிமிடம். கைக்கடிகாரத்தைப் பார்த்து எனக்கே பெருமை. மூன்றாவது கிலோமீட்டரில் ஒரு பெரியவரைத் தாண்டினேன். எழுபது வயதை ஒட்டியிருப்பார். முதுகு வளைந்திருந்தது, கேன்வாஸ் காலணியின் ஓரம் பிய்ந்திருந்தது, பாதத்தைத் தரையில் தேய்த்துத் தேய்த்து ஓடிக்கொண்டிருந்தார். 'நல்ல வேளை, நான் இந்த நிலையில் இல்லை' என்று மனத்துக்குள் ஓடியது. நன்றி செலுத்துவதாகத்தான் அப்போது நினைத்தேன்.

வேகமாக ஓடினால் தசையில் சேர்ந்திருக்கும் சர்க்கரை சீக்கிரம் கரைந்துவிடும். ஜனவரியிலும் சென்னைக் கடற்காற்றில் பிசுபிசுப்புக்குக் குறைவில்லை. வியர்வை காயாது, உடம்பும் குளிராது. பதினைந்தாவது கிலோமீட்டரில் கால் இரண்டும் ஈர மணல் மூட்டை ஆயின. பதினேழில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ள, சாலை நடுவில் இருந்த தடுப்புச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். தேய்த்துத் தேய்த்து வரும் அந்தக் காலடிச் சத்தம் கேட்டது. அதே பெரியவர். நின்றார். சட்டைப்பையிலிருந்து ஒரு ஆரஞ்சு மிட்டாயை எடுத்து, காகிதத்தைப் பிரித்தே கையில் வைத்தார். "முதல்லயே எல்லாத்தையும் செலவழிச்சுட்டீங்களா தம்பி? மெதுவா எந்திரிச்சு வாங்க, இன்னும் நாலு கிலோமீட்டர்தான்." சொல்லிவிட்டு அதே வேகத்தில் போய்விட்டார். நான் நொண்டி நொண்டி 2 மணி 52 நிமிடத்தில் முடித்தேன். அவர் எனக்கு வெகு முன்பாக முடித்திருப்பார்.

இன்றைய நற்செய்தியில் கோவிலுக்குள் நின்று மன்றாடும் பரிசேயரைப் பாருங்கள். அவர் பொய் சொல்லவில்லை. வாரத்துக்கு இருமுறை நோன்பு இருந்தது உண்மை, பத்தில் ஒரு பங்கு கொடுத்ததும் உண்மை. திருச்சட்டம் கேட்டதைவிட அதிகமாகவே ஓடியவர் அவர். பயிற்சி பெற்ற மனிதர். ஆனால் தாம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்று அளக்க, பின்னால் நின்ற வரிதண்டுபவரை மைல்கல்லாக நட்டுக்கொண்டு, 'இவரைப் போல் நான் இல்லை' என்று கடவுளுக்கு நன்றி சொன்னார். அந்த மன்றாட்டை நான் கடற்கரைச் சாலையில், மூன்றாவது கிலோமீட்டரில், வார்த்தை பிசகாமல் சொல்லியிருக்கிறேன். அதனால் அவரைத் திட்டி மறையுரை வைக்க இன்று எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த ஆண்டு மறுபடி ஓடினேன். இம்முறை முதல் ஐந்து கிலோமீட்டரை 38 நிமிடம் வரை இழுத்துப் பிடித்தேன். எல்லாரும் என்னைத் தாண்டிப் போனார்கள். போகட்டும் என்று விட்டேன். 2 மணி 31 நிமிடம். இருபத்தொரு நிமிட முன்னேற்றம் என்று சந்தோஷப்பட்டேன். சந்தோஷப்பட்டதில் தவறில்லை. ஆனால் பதக்கம் கழுத்தில் ஏறியதும் செய்த முதல் காரியம், அலைபேசியை எடுத்து மூன்று சாமியார்களுக்கு அந்த நேரத்தை அனுப்பியது. அதில் ஒருவர் போன வருடம் 2 மணி 40 ஓடியவர். காலில் பரிசேயர் செத்திருந்தார், விரலில் பிழைத்துக்கொண்டார்.

பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது, பலர் ஓடினாலும் பரிசு ஒருவருக்கே என்றார். அந்த ஊருக்குப் பக்கத்தில் இஸ்துமியாவில் இரண்டாண்டுக்கு ஒருமுறை விளையாட்டு விழா நடக்கும், வென்றவர் தலையில் வாடிப்போகும் இலைமுடி ஏறும். அதை அறிந்தவர்களுக்கு அப்படித்தான் சொல்ல வேண்டும். ஆனால் இன்றைய இரண்டாம் வாசகத்தில், சாவு வாசலில் நிற்கும்போது திமொத்தேயுவுக்கு எழுதும் பவுல் வேறு மாதிரி பேசுகிறார். ஓட்டத்தை முடித்ததைச் சொல்கிறார். எத்தனையாவதாக வந்தார் என்று ஒரு சொல் இல்லை. தமக்கு வைத்திருக்கும் வெற்றி வாகை தமக்கு மட்டும் அல்ல, ஆண்டவரின் வருகையை விரும்புகிற எல்லாருக்கும் என்கிறார். எங்கள் அரை மாரத்தானிலும் அப்படித்தான். பெட்டியிலிருந்து எடுத்து மாட்டும் பதக்கம் எனக்கும் அந்தப் பெரியவருக்கும் ஒன்றே.

அதே கடிதத்தில் இன்னும் ஒரு வரிச் செய்தி உண்டு, அவசரத்தில் தவறவிடுகிறோம். முதல் விசாரணையில் தம் பக்கம் நிற்க ஒருவரும் வரவில்லை என்கிறார். ஆண்டவர் மட்டும் நின்றாராம்.

ஒருவரும் பக்கம் நிற்காத அந்தத் தனிமையைப் பந்தயச் சாலையில் நான் கண்ணால் பார்த்தேன். முதலில் வருகிறவர்களுக்கு மேளம், கைதட்டல், செல்ஃபி. மூன்று மணி நேரத்துக்குப் பிறகு வருகிறவர்களுக்கு வெயில்தான் துணை. தண்ணீர் மேசையில் காலிக் குவளைகள் உருளும். பின்னால் ஒரு வேன் ஊர்ந்து வரும், ஏறிக்கொள்கிறீர்களா என்று கேட்டபடி. நம் ஆலயத்திலும் கடைசித் தூணுக்குப் பின்னால் சிலர் நிற்கிறார்கள். நற்கருணைக்கு வராமல், திருப்பலி முடியும் முன்பே போய்விடுகிறார்கள். அவர்கள் எத்தனை கிலோமீட்டர் கடந்து இந்தத் தூண் வரை வந்தார்கள் என்று நமக்குத் தெரியாது.

வருகிற ஜனவரியில் பந்தயம் நம் பகுதி வழியாகவே போகிறது. இளைஞர் மன்றத்தாரையும் அன்பியத்தாரையும் கேட்டுக்கொள்கிறேன்: காலை எட்டரை மணிக்கு மேல் நம் கெபி முன்னால் நில்லுங்கள். உப்புப் போட்ட மோரும், பிரித்து வைத்த ஆரஞ்சு மிட்டாயும் போதும். வேன் கடந்து போகும் வரை யாரும் மேசையை மடக்க வேண்டாம்.