கவுன்ட்டர் மேல் ஒரு சிறுவன்



மிட்டாய்க் கடை வாசலில் பிள்ளைகள் அடம் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். காலை உதைத்து, தரையில் புரண்டு, தெருவே திரும்பிப் பார்க்கும்படி அழுவார்கள். புத்தகத்துக்காக அடம் பிடித்த ஒரு பையனைப் பற்றி இன்று சொல்கிறேன். அவன் அழவில்லை, புரளவில்லை. பேசாமல் உட்கார்ந்திருந்தான், அவ்வளவுதான்.

1959ஆம் ஆண்டு. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் லேக் சிட்டி என்றொரு சிற்றூர். பருத்தியும் புகையிலையும் விளைகிற பூமி. பையனின் பெயர் ரொனால்ட் மெக்நேர், வயது ஒன்பது. கறுப்பினக் குடும்பம். அப்பா கார் மெக்கானிக், அம்மா பள்ளிக்கூட ஆசிரியை. கோடை விடுமுறை வந்தால் பிள்ளைகளும் வயல் வேலைக்குப் போய்த்தான் நாலு காசு சேர்க்க வேண்டும். வெள்ளையருக்கு ஒரு பள்ளிக்கூடம், கறுப்பருக்கு ஒரு பள்ளிக்கூடம். ஊரில் பொது நூலகம் ஒன்றும் இருந்தது. ஆனால் அந்தப் ‘பொது’வில் கறுப்பர்கள் சேர்த்தி இல்லை.

ஒருநாள் ரொனால்ட் வீட்டிலிருந்து ஒரு மைல் தூரம் நடந்து அந்த நூலகத்துக்குள் போய்விட்டான். அறிவியல் புத்தகங்களாகப் பார்த்து எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றான். எல்லோரும் அவனையே பார்க்கிறார்கள். அவன் முறை வந்ததும், கறுப்பர்களுக்குப் புத்தகம் தருவதில்லை என்று நூலகர் அம்மாள் சொல்லிவிட்டார். நீ போகாவிட்டால் போலீஸைக் கூப்பிடுவேன் என்றும் சொன்னார். பையன் எக்கி, கவுன்ட்டர் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டான். சரி, காத்திருக்கிறேன் என்றானாம்.

போலீஸ்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். பெரிய கலாட்டா என்று நினைத்து வந்திருப்பார்கள். பார்த்தால், கால் தரைக்கு எட்டாத ஒரு பொடியன். அதற்குள் தகவல் தெரிந்து, கர்த்தரை வேண்டிக்கொண்டே அம்மாவும் ஓடி வந்துவிட்டார். புத்தகத்தைக் கொடுத்தனுப்பினால்தான் என்ன என்று கேட்டது போலீஸ்காரர்தான். பிள்ளை பத்திரமாகப் பார்த்துக்கொள்வான் என்றார் அம்மா. நூலகர் வேண்டா வெறுப்பாக எடுத்துக் கொடுத்தார். உடனே அம்மா மகனைப் பார்த்து, என்ன சொல்ல வேண்டும் என்று கேட்க, பையன் நன்றி சொன்னான்.

நானாக இருந்தால் அந்த இடத்தில் நன்றி சொல்ல வைத்திருக்க மாட்டேன். ஆனால் அவர் ஆசிரியை.

ரொனால்டின் அண்ணன் கார்ல் பிற்பாடு சொல்லித்தான் இது வெளியே தெரிந்தது. கேட்கும்போது சிரிப்பு வருகிறது. ஆனால் அடுத்த ஆண்டு, 1960 ஜூலையில், அதே மாநிலத்தில் கிரீன்வில் நகர நூலகத்துக்குள் போய் உட்கார்ந்த எட்டு கறுப்பின மாணவர்களைக் கைது செய்தார்கள். பின்னாளில் பெரிய தலைவரான ஜெஸ்ஸி ஜாக்சன் அவர்களில் ஒருவர். ஆக, ரொனால்டின் அம்மா அப்படிப் பதறி ஓடி வந்தது சும்மா இல்லை.

தன்னை அவமதிக்கிறார்கள் என்று ஒன்பது வயதில் தெரியாதா? நன்றாகவே தெரியும். அப்படி இருந்தும் ஏன் எழுந்து போகவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். கையில் இருந்த புத்தகத்தைப் படித்தாக வேண்டும். முறைக்கிறவர்களைப் பற்றி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். எனக்குப் புரிகிற காரணம் அதுதான். உரிமை என்று பேசுகிற வயது வருவதற்கு முன்னாலேயே, வாசிப்பு அவனுக்கு விட்டுக்கொடுக்க மனம் வராத ஒன்றைக் கொடுத்துவிட்டது.

வளர்ந்த பிறகும் அந்த அடம் ரொனால்டை விடவே இல்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் லேசர் இயற்பியல் ஆய்வு செய்தபோது, இரண்டு ஆண்டு உழைத்துச் சேர்த்த ஆய்வுக் குறிப்புகள் திருடு போயின. மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். 1976இல் முனைவர் பட்டம் வாங்கினார். 1978இல் நாசா விண்வெளி வீரராகத் தேர்ந்தெடுத்தது. 1984 பிப்ரவரியில் சேலஞ்சர் விண்வெளி ஓடத்தில் பறந்தபோது கூடவே தன் சாக்ஸபோனையும் எடுத்துப் போய் வாசித்தார். 1986 ஜனவரி 28 அன்று அதே சேலஞ்சர் கிளம்பிய 73 விநாடிகளில் வெடித்துச் சிதறியது. இறந்த ஏழு பேரில் அவரும் ஒருவர். வயது 35.

லேக் சிட்டியில் அந்தப் பழைய நூலகக் கட்டிடம் 2011இல் அவர் பெயரிலேயே நினைவுக் காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அம்மா உறுதி சொன்னாரே, அந்தப் புத்தகங்களுக்கு ஏதும் ஆனதாக அண்ணன் சொன்ன கதையில் எங்கும் இல்லை.