வினையும் இரண்டாம் வாசலும்

ஊழ்வினையை மெய்யென்று கொண்ட ஒருவன், ஆபத்து வேளையில் உயிர் தப்புவதற்கென்று பணம் செலவிட்டு ஒரு வழி அமைப்பது அவன் கொண்ட நம்பிக்கைக்கு முரணாகுமோ என்னும் வினா பழையது. ஆயினும் எம் காலத்திலே அது மிகவும் லௌகிகமான உருவங்கொண்டு யாழ்ப்பாணத்துக் குடும்பங்களின் முன் வந்து நிற்கின்றது. 1983 இனக்கலவரத்துக்குப் பின் கனடாவுக்குச் சென்ற எம்மவருள் எத்தனையோ பேர் ரொறன்ரோவிலும் ஸ்காபரோவிலும் முதலில் தலை சாய்த்தது யாரோ ஒருவர் வீட்டுப் பேஸ்மென்றிலேதான். பின்னர் வீடு வாங்கியபோது, கடன் கட்டுவதற்குத் துணையாக அதன் பேஸ்மென்றாகிய நிலக்கீழ்த் தளத்தை வாடகைக்கு விட்டவர்களும் அவர்களுள் உண்டு. அங்கே மனிதர் உறங்குவதாயின், தீப்பிடித்தால் வெளியேறத்தக்க யன்னல் இருத்தல் வேண்டுமென்று அந்நாட்டுக் கட்டட விதி பொதுவாகக் கூறுகின்றது. அதற்குரிய செலவைக் கூட்டிப் பார்த்து மலைத்து, ஊரிலுள்ள மூத்தோரிடம் யோசனை கேட்கும்போது, “எல்லாம் எழுதினபடிதானே நடக்கும், ஏன் வீண் செலவு?” என்று விடை கூறுவோரும் இருக்கின்றனர்.

செலவு சிறிதன்று என்பதை முதலில் ஒப்புக்கொள்ளல் வேண்டும். ரொறன்ரோ அமைந்துள்ள ஒன்ராறியோ மாகாணத்து விதிப்படி அத்தகைய யன்னலின் திறப்பு 0.35 சதுர மீற்றருக்குக் குறையலாகாது. அதன் உயரமோ அகலமோ 380 மில்லிமீற்றருக்குக் குறையலாகாது. கருவி எதுவுமின்றி உள்ளிருந்தே திறக்கக்கூடியதாக இருத்தல் வேண்டும். யன்னல் நிலமட்டத்துக்குக் கீழே அமையுமாயின், ஆள் ஏறி வெளிவருவதற்காக அதன் முன்னே போதிய இடைவெளி விட்டுக் குழியும் அமைத்தல் வேண்டும். இக்கணக்கிலே யன்னலின் விலை ஒரு பங்குதான். வரைபடம், நகரசபை அனுமதி, அத்திவாரச் சுவரை அறுக்கும் கூலி, அறுத்த இடத்தில் மேற்சுவரைத் தாங்கும் உத்தரம், குழி தோண்டும் கூலி, மழைநீரும் உருகிய பனிநீரும் அங்கே தேங்காதபடி வடிகால் என்பவை யாவும் சேர்ந்தே தொகையைப் பெருக்குகின்றன. மண்ணுக்குள் எந்தக் குழாய் ஓடுகின்றதென்பது தோண்டும்போதே தெரியவரலாமாதலால், அதற்கென்றும் ஒரு தொகையை ஒதுக்குவதே விவேகமாகும். பணம் போதாதென்று வடிகாலைக் குறைப்பவன், தப்பும் வழியைத் தண்ணீர்த் தொட்டியாக்கிவிடுகின்றான்.

இனி யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்களுக்கு இக்கணக்குப் புதிதா? போர் நடந்த எண்பதுகளின் பிற்பகுதியிலும் தொண்ணூறுகளிலும் எமது வளவுகள்தோறும் பங்கர் என்னும் பதுங்குகுழி வெட்டினோம். சுண்ணாம்புக்கல் மேலெழுந்து நின்ற இடங்களில் ஆழமாக வெட்ட முடியாமல், பாதியை நிலத்துக்கு மேலே மண்மூட்டை அடுக்கி உயர்த்தினோம். பொருளாதாரத் தடையினால் சீமெந்து கிடையாத நாட்களில், எத்தனையோ தலைமுறையாக நின்ற பனைகளைத் தறித்துக் குற்றிகளை மேலே பரப்பினோம். மாரியில் நீர் நிறைந்தபோது இறைத்தோம். பாம்புக்குப் பயந்துகொண்டே பிள்ளைகளை உள்ளே இறக்கினோம். அவ்வளவு வறுமையிலும், இயன்றவர்கள் பங்கருக்கு இரண்டாவது வாசல் வைத்தார்கள். ஒரு வாசல் மண் சரிந்து மூடினால் உள்ளிருப்பவர் மூச்சடைத்து மடிவர் என்பதை அறிந்தே அவ்வாறு செய்தனர். விபூதி பூசிக்கொண்டு பங்கருக்குள் இறங்கிய அப்பெரியவர்கள் எவரும், இரண்டாம் வாசல் வெட்டியதனால் தம் நம்பிக்கைக்குக் குறைவு வந்ததாகக் கருதியதில்லை.

அவர்கள் அவ்வாறு கருதாமைக்குச் சைவ சித்தாந்தத்திலேயே நியாயம் இருக்கின்றது. சைவம் வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என மூன்றாக வகுக்கின்றது: முன்னே ஈட்டப்பட்டுக் கிடப்பது சஞ்சிதம், அதிலிருந்து இவ்வுடம்போடு நுகர வந்தது பிராரத்தம், நுகரும்போதே புதிதாக ஈட்டப்படுவது ஆகாமியம். வாடகைக்கு வந்து கீழே உறங்குபவனுடைய பிராரத்தம் எதுவென்று வீட்டுக்காரன் அறியான். அறிவதற்கு அவனுக்கு அதிகாரமும் இல்லை. அவனுடைய கையில் இருப்பது, யன்னல் வைப்பதா விடுவதா என்று இன்று செய்யும் தீர்மானம் ஒன்றே. அத்தீர்மானம் அவனுடைய ஆகாமியம். பிறன் ஒருவனுடைய தலையெழுத்தைக் காட்டித் தன் பணப்பையை மூடிக்கொள்ளும் ஒருவன், பிறனுடைய வினைக் கணக்கைத் தன் கணக்கிலே வரவாக எழுதுகின்றான். சாத்திரம் அதற்கு இடங்கொடுக்கவில்லை. தலைவிதி என்பது துன்பம் வந்தபின், அதனைப் பொறுத்துக்கொள்ளுதற்பொருட்டுத் துன்புற்றவன் தனக்குத் தானே கூறிக்கொள்ளத் தக்கதோர் ஆறுதல். துன்பம் வருமுன்னே, அதைத் தடுக்க வல்லவன் தன் கடமையினின்று விலகுதற்கு அதையே சொல்லுவானாயின், அது அதர்மமாகும்.

இதற்கு எம் ஊரிலேயே சான்று உண்டு: சைவப் பெரியாராகிய நல்லூர் ஆறுமுக நாவலர், 1877ஆம் ஆண்டுப் பஞ்சத்திலே பசித்தோர்க்குக் கஞ்சி வார்க்கும் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார். கன்மத்தை அவரினும் உறுதியாகப் போதித்தவர் அக்காலத்தில் அரியர். ஆயினும் பசித்து வந்தவனைப் பார்த்து உன் கன்மம் என்று அவர் திருப்பி அனுப்பவில்லை. இக்காலத் தருமத்தைப் பேசுமிடத்து, ஊர்க்கோயிற் கோபுரத்துக்குப் புலம்பெயர்ந்த பிள்ளைகள் அனுப்பும் பணத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். அது பக்தியின் பயன். ஆனால் உடம்பை இறைவன் உறையும் ஆலயமெனக் கண்ட திருமூலரின் வழிவந்தோர், தம் கூரையின் கீழ் உறங்கும் உடம்புக்கு வாசல் வைத்த பின்னரே கல்லாலயத்துக்குக் கொடுத்தல் முறை.

எஞ்சியிருப்பது ஒரு சங்கடம்: யன்னலுக்கான இச்செலவை வாடகையிலே ஏற்றலாமா? வீட்டின் மதிப்பு உயர்வதும், வாடகை வருமானம் வருவதும் வீட்டுக்காரனுக்கே. கீழே இருப்பவனோ பெரும்பாலும் நேற்று வந்திறங்கிய அகதி, அல்லது இரண்டு வேலை செய்து பணம் அனுப்பும் ஓர் இளைஞன். குளியலறையைப் புதுப்பித்தால் அதற்கு வாடகை கூட்டிக் கேட்பது வியாபார நீதி. உயிர் தப்பும் வழிக்கு அந்நீதி பொருந்தாது. அதனை வீட்டுக்காரன் தன் கடன் கணக்கிலே எழுதிப் பல ஆண்டுகளிற் சிறிது சிறிதாகத் தீர்ப்பதே தக்கது. அதுவும் இயலாதவன், யன்னல் அமையும்வரை அத்தளத்தில் எவரையும் படுக்க வைக்காது, வாடகையை இழந்தே இருக்கக் கடவன்.