நாலாவது கட்டம்



சென்ற வாரம் மன்னார்குடிப் பக்கம் ஒரு சிற்றூருக்குப் போயிருந்தேன். எனக்கு நாலாம் வகுப்பு எடுத்த டீச்சர் காலமாகிவிட்டார். அவருக்குப் பதினாறாம் நாள் காரியம். எண்பத்தைந்தைத் தாண்டி, பேரன் பேத்தி எடுத்து, கடைசிவரை நடமாட்டத்தோடு இருந்து போய்ச் சேர்ந்தவர். கல்யாணச் சாவு என்பார்களே, அப்படி. அதனால் பந்தலில் அழுகை குறைவு, பேச்சுதான் அதிகம்.

பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டு சுற்றிவரும் நேரத்தில், அவருடைய பேரன் உள்ளேயிருந்து ஒரு நீள நோட்டை எடுத்துக்கொண்டு வந்தார். மளிகைக் கடையில் பற்று எழுத வைத்திருப்பார்களே, அந்த நோட்டு. "அப்பாயி லைப்ரரியில வெச்சிருந்தது. தூக்கிப் போட மனசு வரல" என்றார்.

அந்த நூலகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். டீச்சர் 58 வயதில் ஆரம்பப் பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அதற்குப் பத்து வருடம் கழித்து, 2006-ல், அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் வந்தது. தமிழ்நாட்டில் 12,000-க்கும் மேற்பட்ட ஊராட்சிகள் இருக்கின்றன. ஊராட்சிக்கு ஒரு நூலகம் என்பது அந்தத் திட்டத்தில் ஒரு பகுதி. பல ஊர்களில் உள்ளூரிலேயே ஓய்வு பெற்ற ஒருவரைச் சின்ன மதிப்பூதியத்துக்கு அமர்த்தினார்கள். டீச்சரின் ஊரில் கட்டடம் முடிந்து சுண்ணாம்பு காய்வதற்குள் அவரே போய்ச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டாராம்.

நோட்டைப் புரட்டினேன். முதல் கட்டத்தில் தேதி. இரண்டாவதில் புத்தகத்தின் பெயர். மூன்றாவதில் வாங்கியவர் பெயர். இது எந்த நூலகத்திலும் இருப்பதுதான். நாலாவதாக ஒரு கட்டம், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, பென்சிலால் எழுதியிருந்தார். "12-ம் பக்கம். எழுத்து பொடி. பெரிய எழுத்தில் தரணும்." அது வாய்க்கால் வீட்டுப் பையனுக்கு. "40-ம் பக்கம். பேய்க்குப் பயம்." இது ரேஷன் கடைக்காரர் மகளுக்கு. "திறக்கவே இல்லை. மாட்டு வைத்தியம் இருக்கா என்று கேட்டார்." டிராக்டர் ஓட்டுகிறவர் ஒருவருக்கு.

எத்தனாவது பக்கத்தில் படிப்பதை நிறுத்தினார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்! யார் திருப்பித் தரவில்லை என்பதற்கு அந்த நோட்டில் இடமே இல்லை.

"எப்படி இது தெரியும் அவங்களுக்கு?" என்று கேட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த டீச்சரின் மருமகள் சொன்னார்: "புஸ்தகத்தைத் திருப்பிக் கொண்டாந்தா அத்தை ஒண்ணே ஒண்ணுதான் கேப்பாங்க. எதுவரைக்கும் வந்தேன்னு. முழுசாப் படிச்சியான்னு கேட்டா புள்ளைங்க பொய் சொல்லும். எதுவரைக்கும் வந்தேன்னு கேட்டா உள்ளதைச் சொல்லிடும்பாங்க."

முப்பது வருடத்துக்கு மேல் வகுப்பறையில் நின்ற ஒருவருக்குத்தான் அந்த வித்தியாசம் தெரியும்.

எனக்கு அவர் பாடம் எடுத்த காலத்தில் பள்ளிக்கூடத்து நூலகம் என்பது ஒரு இரும்பு பீரோ. பூட்டியே இருக்கும். குற்றம் சொல்லவும் முடியாது. வருடா வருடம் இருப்புச் சரிபார்ப்பு வரும். ஒரு புத்தகம் குறைந்தால் பொறுப்பில் இருப்பவர் கைக்காசு போட வேண்டும். டீச்சர் வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில் பீரோவைத் திறந்து, புத்தகங்களைத் தரையில் பரப்பிவிடுவார். எங்களைப் பாய் போட்டு உட்காரச் சொல்லிவிட்டு அவரும் ஒரு புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுவார். ஒருமுறை ஆய்வுக்கு வந்த அதிகாரி, "தொலைஞ்சு போனா யாரும்மா பதில் சொல்றது?" என்று அதட்டினார். டீச்சர் எழுந்து நின்று, "தொலைஞ்ச புத்தகத்தை எங்கேயோ ஒருத்தர் படிச்சுக்கிட்டிருப்பார் சார். பூட்டி வெச்சதை யார் படிக்கறா?" என்றார். மூன்று நான்கு புத்தகத்துக்கு அவர் சம்பளத்திலிருந்து கட்டியதாகப் பின்னாளில் கேள்விப்பட்டேன்.

இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு பின்னணி உண்டு. 1931-ல் மன்னார்குடி வட்டாரத்தில் ஒரு மாட்டு வண்டி நிறையப் புத்தகத்தை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனது. மேலவாசல் கனகசபை பிள்ளை முயற்சியில் உருவான நடமாடும் நூலகம் அது. தொடங்கி வைத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். டீச்சருடைய அப்பா சிறுவனாக அந்த வண்டிக்குப் பின்னால் ஓடியவராம். வகுப்பில் இதைச் சொல்லும்போது டீச்சருக்குக் குரல் ஒரு படி ஏறும். "நூலகத் துறைக்கே வழிகாட்டினவர் ஒரு கணக்கு வாத்தியார்டா!" என்பார். உண்மைதான். ரங்கநாதன் மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். நூலகத்துக்கென்று அவர் வகுத்த ஐந்து விதிகள் நூலாக வந்ததும் அதே 1931-ல்தான். படிக்க வருகிற ஒவ்வொருவருக்கும் ஏற்ற புத்தகம் ஒன்று உண்டு, அதைச் சேர்த்து வைப்பது நூலகர் வேலை என்பது அதில் ஒன்று. டீச்சர் நூலக அறிவியல் படித்தவரில்லை. ஆனால் அந்த விதியைத்தான் பென்சிலால் நாலாவது கட்டத்தில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்.

டீச்சரின் இந்தப் பிடிவாதத்தால் பேரனுக்கு ஒரு மனக்குறை உண்டு, அன்றைக்குச் சிரித்துக்கொண்டே சொன்னார். "லீவுக்கு வந்தா மத்த வீட்டுப் புள்ளைங்களுக்கு முறுக்கு, அதிரசம். எங்களுக்குப் பசைச் சட்டி." மைதா மாவைக் கரைத்துக் காய்ச்சி, பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் ஒரு சிட்டிகை போட்டு, பசை ஆறுவதற்குள் பேரப்பிள்ளைகளை வரிசையாக உட்கார்த்தி வைத்துவிடுவாராம். ஒருவர் கிழிந்த முதுகைப் பிரிக்க வேண்டும், ஒருவர் காடாத் துணி வெட்ட வேண்டும், ஒருவர் பசை தடவ வேண்டும். ஒட்டிய புத்தகத்தின் மேல் அம்மிக்குழவியை ஏற்றி வைத்துவிட்டு, காய்கிற வரைக்கும் டீச்சர் வேறொரு கதையை வாசித்துக் காட்டுவார். முக்கியமான இடத்தில் நிறுத்திவிடுவார். "மிச்சத்தை நீயே படிச்சுக்கோ. எதுவரைக்கும் வந்தேன்னு ராத்திரி சொல்லு." அந்தப் பேரன் இன்று இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தகப்பன். இப்போதும் கிழிந்த புத்தகத்தைப் பார்த்தால் கை பரபரக்கிறது என்கிறார்.

நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஐம்பது வயது தாண்டிய ஒரு அக்கா எட்டிப் பார்த்து, "என் பேரு இருக்காது, என் பேத்தி பேரு இருக்கும் பாருங்க" என்றார். நாலாம் வகுப்போடு நின்றவர். நூறு நாள் வேலை முடிந்து திரும்பும்போது நூலக வாசலில் தண்ணீர் குடிக்க நிற்பாராம். டீச்சர் ஒருநாள் ஒரு படப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்து, "இதை உன் பேத்திக்குப் படிச்சுக் காட்டு" என்றிருக்கிறார். பேத்திக்கு அப்போது இரண்டு வயது.

நோட்டில் தேடினோம். இருந்தது. பேத்தி பெயரில் காக்கா நரி கதை. பிறகு தெனாலிராமன். பிறகு பஞ்சதந்திரக் கதைகள். புத்தகம் மெள்ள மெள்ளத் தடிக்கிறது. கடைசியில் பொன்னியின் செல்வன், முதல் பாகம். நாலாவது கட்டத்தில், "முடித்தாச்சு. இரண்டாம் பாகம் இன்றைக்கே வேணுமாம்" என்று டீச்சர் கையெழுத்து. பேரன் தேதியைப் பார்த்துக் கணக்குப் போட்டார். பேத்திக்கு அப்போது வயது நாலு!

பந்தலே சிரித்தது. அந்த அக்காதான் சத்தமாகச் சிரித்தார். படிக்கத் தடுமாறுகிற ஒரு பெண்மணிக்கு வெட்கம் வராமல் இருக்க, அத்தனை புத்தகத்தையும் ஒரு சின்னக் குழந்தை பெயரில் பதிவு செய்திருக்கிறார் டீச்சர்.

நேயர்களே, ஊராட்சி நூலகக் கட்டடங்கள் எத்தனையோ ஊரில் பூட்டிக் கிடப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பணம் ஒதுக்கினால் கட்டடம் வந்துவிடும், அலமாரியும் வந்துவிடும். "எதுவரைக்கும் வந்தே?" என்று கேட்க ஒரு ஆள் வேண்டுமே, அது எந்தத் திட்டத்திலும் தானாக வராது. அரசாங்கத்தை மட்டும் சொல்லிப் பயனில்லை. நம் வீட்டு ஷோகேஸில் இருக்கிற புத்தகத்தைக் குழந்தை தொட்டால், "கிழிச்சுடாதே, வெச்சுடு" என்று சொல்கிறவர்கள் நாம்தான். பிறகு அதே குழந்தை செல்போனை விட்டு நிமிர மாட்டேன் என்கிறது என்று புலம்புகிறோம். கிழியட்டுமே. மைதா கிலோ என்ன விலை விற்கிறது?

1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்ததிலிருந்து நூலகத்துக்கென்று ஒரு வரி உண்டு. இன்றைக்கு உங்கள் வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்து காசு அதற்காகச் சேர்த்துத்தான் கட்டுகிறீர்கள். ரசீதை எடுத்துப் பாருங்கள். காசு கொடுத்துவிட்டுப் பொருளை இத்தனை வருடமாக வாங்காமலே வருகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்!

இந்த வாரம் பிள்ளையையோ பேத்தியையோ கையில் பிடித்துக்கொண்டு உங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்குப் போய் வாருங்கள். இரண்டு நாள் கழித்து எதுவரைக்கும் வந்தது என்று மட்டும் கேளுங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் போய்விடாதீர்கள், அன்றைக்கு விடுமுறை.