மூச்சில் ஒரு பங்கு

தோள்பையுடன் தோழர் சூழத் தாய்லாந்தின் கோ தாவ் தீவுக்குச் செல்லும் இளைஞர் பலர், அங்கே ஸ்கூபா முக்குளிப்பும் பயில்கின்றனர். அதன் விதியொன்று நம்மைச் சிந்திக்கத் தூண்டுகிறது. இருவர் இருவராகவே கடலில் இறங்க வேண்டும். ஒவ்வொருவரின் காற்றுக்கலத்திலும் வாய்க்குழாய்கள் இரண்டு: ஒன்று தனக்கு, மற்றது மூச்சுக்குத் தவிக்கும் தோழனுக்கு.

10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப்போல் இருமடங்கு. காற்றும் இருமடங்கு விரைவில் தீரும். ஒருவனுக்குக் காற்றுக் குறைந்தால், மிகுதியாக வைத்திருப்பவனும் பவளப்பாறைகளின் அழகைத் துறந்து உடன் மேலேற வேண்டும். இது அவனுக்கு அநீதியா?

கரையில் வலியவனின் வேகமே நமக்கு அளவுகோல். பின்தங்கியவனை நாம் திரும்பிப் பார்ப்பதில்லை. கடலிலோ, குறைந்த மூச்சுடையவனே பயணத்தின் எல்லையை வகுக்கிறான். உடன் இறங்கப் பலர் கிடைப்பர். தன் காற்று மீதமிருக்கையிலும் உடன் ஏறி வருபவனையே நண்பன் என்போம்.