எறிந்த பின்னும் நமதே

ஒரு பொருளை எறிந்தவுடன் அதன் மீதுள்ள நமது பொறுப்பும் நீங்கிவிடுகின்றதா?

நண்பகலில் நாம் வாங்கும் சோற்றுப் பார்சலின் பொலித்தீன் பை நம் கையில் இருப்பது கால்மணி நேரமே. மாலையில் அது விடுதியின் பின்புறத்தில் எரிகின்றது. அந்நச்சுப் புகையை முதலிற் சுவாசிப்பவர் அதனை எறிந்த மாணவரல்லர். கூட்டி எரிக்கும் தொழிலாளியே. எரியாது எஞ்சியது மழைநீரோடு வடிகாலை அடைகின்றது. நமது வசதியின் விலையைப் பிறர் செலுத்துகின்றனர்.

வளாகத்தில் சிறிதாகத் தோன்றும் இவ்வுண்மை நகரத்திற் பேருருக் கொள்கின்றது. 2017 ஏப்பிரல் 14 ஆம் திகதி மீதொட்டமுல்லையில் கொழும்பு நகரின் குப்பைமேடு சரிந்து, அருகிருந்த வீடுகளைப் புதைத்தது. 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அக்குப்பையை எறிந்தோருள் எவரும் தம்மைக் குற்றவாளியாகக் கருதியிருக்கமாட்டார்.

“எனது ஒரு பையால் என்ன நேரும்?” என்பர். அம்மேடு அத்தகைய பைகளால் ஆனதன்றோ? பங்கு சிறிதாயின் பொறுப்பும் சிறிதாகலாம், இல்லாதொழியாது. நிருவாகத்தின் கடமையை இது குறைப்பதுமன்று.

ஆகவே, உணவுப் பாத்திரத்தை உடன் கொண்டுசெல்வதும், உக்குவதையும் உக்காததையும் பிரித்து இடுவதும் வெறும் சுகாதாரப் பழக்கங்களல்ல. நாம் காணாத மனிதருக்கு நாம் செலுத்தவேண்டிய நீதியாகும்.